விளக்குக்குள் வந்த தோழன்

"பனி மாதம், பதினொன்றாம் நாள். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. துடைத்த விளக்குகள் இருபத்துமூன்று, அவற்றில் வண்டு இருந்தவை நான்கு என்று எழுதியிருந்தேன். அடிவரை கழற்றிப் பார்த்தவை நான்கு என்று எழுதியிருக்க வேண்டும். மீதிப் பத்தொன்பதையும் இன்று கழற்றினேன். எல்லாவற்றிலும் இருக்கிறது."

இப்படி எழுதிய சிலம்பாயி, 'எல்லாவற்றிலும்' என்ற சொல்லை அடித்தாள். தான் சரியாகத் துடைக்காததால் வந்த பூச்சியாக இருக்கலாம் என்று நினைத்தாள். பிறகு, அடித்ததும் சரியில்லை என்று பட்டு, மறுபடி எழுதினாள்.

மஞ்சுநாடு என்று ஒரு நாடு இருந்தது. ஏழு மலைகளுக்கு நடுவே, கிண்ணத்தில் ஊற்றி வைத்ததுபோல் கிடந்த நாடு. வருடத்தில் பதினொரு மாதம் அங்கே மூடுபனி. நண்பகலிலும் நீட்டிய கை தெரியாது. ஆகையால் அங்கே பிறந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கு இருந்தது. வழி பார்க்கவென்று வந்த விளக்கு, நாளடைவில் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. கோட்டை வாசலில் விளக்கைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அரிசி வாங்க விளக்கு, வைத்தியரைப் பார்க்க விளக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவினருக்குச் சேதி சொல்ல விளக்கு. விளக்கு இல்லாதவரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. பனியில் அவர் யார் கண்ணுக்கும் படவில்லை, அவ்வளவுதான்.

விளக்குக்கு எண்ணெயை அரசே இலவசமாக ஊற்றியது. மாதம் இருபதாம் நாள் எண்ணெய்க் கிடங்குக்குப் போய், பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிக்கொண்டு வர வேண்டும். இருக்கிற எண்ணெயை ஏன் வடிக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. புது எண்ணெயில் சுடர் நிமிர்ந்து எரிகிறது என்று ஊரே சொன்னது. ஊரே சொன்னதால்தான் அப்படித் தெரிகிறதோ என்று சிலம்பாயிக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஆனால் அவளுக்கு எதில்தான் சந்தேகம் இல்லை?

பகலில் அவள் சடையப்பன் பட்டறையில் விளக்கு துடைப்பவள். மாலையில் கோட்டைப் பள்ளியில் எழுத்து வகுப்பு. முந்தைய நாளின் தவறைச் சொல்லிவிட்டே அன்றைய குறிப்பைத் தொடங்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. மற்ற மாணவர்களுக்குத் தவறு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு விளக்கின் அடித்தட்டைச் சடையப்பனிடம் காட்டினாள். திரிக்குழாய்க்குக் கீழே, பழுப்பு நிறத்தில் மிளகளவு வண்டு ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"வண்டுதானே? தூக்கிப் போடு."

"போட்டேன் அண்ணாச்சி. வெந்நீர் விட்டுக் கழுவினேன். கிடங்கு எண்ணெயை ஊற்றினதும் மறுநாள் திரும்ப வந்திருது. எண்ணெயைத் துணியில வடிகட்டிப் பார்த்தேன். முட்டை இருக்கு."

சடையப்பன் கையிலிருந்த பற்றுக்குறட்டைக் கீழே வைத்தார். "ஏம்மா, வந்தவன் விளக்கைக் கேட்டா விளக்கைக் கொடு. உள்ளே யார் குடியிருக்கான்னு நாம எதுக்குக் கேட்கணும்? வாடகையா வாங்கப்போறோம்?"

சொல்லிவிட்டுத் தன் விளக்கையும் கழற்றிப் பார்த்தார். அதிலும் இருந்தது. தட்டைத் திரும்ப மூடி வைத்தார்.

இரண்டே நாளில் விஷயம் நாடெங்கும் பரவியது. விளக்குத்துறை அமைச்சர் பேரொளியார் சந்தைத் திடலில் மேடையேறினார்.

"விளக்குகளில் வண்டு எதுவும் இல்லை. வண்டு தெரிவதாகச் சொல்கிறவர்களுக்குக் கண்ணில் குறை. அவர்கள் நலன் கருதி இலவசக் கண் மருத்துவ முகாமுக்கு அரசு ஆணையிட்டிருக்கிறது."

முகாமில் மூவாயிரம் பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க அவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. முகாம் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

மறுநாள் அமைச்சர் மீண்டும் மேடையேறினார். "வண்டு இருக்கிறது. தொலைந்த விளக்குகளை மீட்டுத் தருவதற்காக, மக்கள் மீதுள்ள அன்பினால் அரசு அனுப்பியது. அதன் பெயர் தோழன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தட்டிவிட்டு வருகிறவன் விருந்தாளி. தட்டாமல் வருகிற உரிமை உள்ளவனே தோழன்" என்றார் அமைச்சர். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஐம்பதின்மர் அவையிலும் இது விவாதத்துக்கு வந்தது. எதிர்வரிசைத் தலைவர் ஆவேசமாக எழுந்து, வண்டு ஏன் பழுப்பு நிறத்தில் இருக்கிறது, தங்கள் ஆட்சி வந்தால் பச்சை வண்டுதான் விடப்படும் என்று முழங்கினார். அவை அமளியில் முடிந்தது.

மூன்றாம் நாள் ஆணை இன்னும் தாராளமாக இருந்தது. தோழனை விரும்பாதவர் தாராளமாக அகற்றிக்கொள்ளலாம். தோழன் இல்லாத விளக்கு கோட்டை வாசலில் செல்லாது. கட்டாயம் எதுவும் இல்லை.

சிலம்பாயி பட்டறையில் கழுவிக் கொடுத்த விளக்குக்காரர்கள் அன்று காலையிலேயே கோட்டை வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி, காய்ச்சல் கண்ட குழந்தையோடு வைத்தியரிடம் போகிறவள். "நல்லாத் துடைச்சுக் கொடுத்தே போ" என்று பட்டறை வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனாள். சிலம்பாயி அதையும் தன் தவறாக எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை அவள் தன் சொந்த விளக்கின் அடித்தட்டைக் கழற்றினாள். வண்டுக்குப் பின்னால் உருண்டை ஒன்று இருந்தது, சுண்டைக்காய் அளவு. சவரக்கத்தியால் அதை இரண்டாக அறுத்தாள். உள்ளே வெங்காயம்போல் அடுக்கடுக்காக நிறங்கள். செம்மண், கரிசல், செம்மண், கரிசல். பட்டறை வாசல் செம்மண், பள்ளி முற்றம் கரிசல். விளக்கை எங்கெல்லாம் கீழே வைத்தாளோ அங்கெல்லாம் வண்டு இறங்கி, ஒரு பொடி மண்ணை எடுத்து வந்து உருட்டி வைத்திருக்கிறது.

ஏழு நாள் அடுக்குக்கு ஒருமுறை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது.

மாவாக இருக்கும் என்று முதலில் சொல்லிக்கொண்டாள். விளக்கை அரிசிமாவில் வைத்து ஒரு நாள் காத்திருந்து பார்த்தாள். வந்த கோடு மங்கலாக இருந்தது. சுண்ணாம்பில் வைத்துப் பார்த்தாள். அதே வெள்ளை.

நாட்டில் சுண்ணாம்பு மண் இருப்பது ஒரே இடத்தில்தான். அரை நாள் நடை தூரத்தில், காளவாய்க்குடி. அங்கே அவளுடைய அக்கா அரியநாச்சி, இரண்டு வருடமாகச் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிறாள். அந்த இடம் சிலம்பாயி ஒருத்திக்குத்தான் தெரியும்; ஏழு நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருவாள். அரியநாச்சியின் புருஷன் கோட்டைச்சாமி அவள் கையை இரண்டு முறை முறித்த பிறகு, அவள் விளக்கைக்கூட எடுக்காமல் பனிக்குள் இறங்கி நடந்துவிட்டாள். மூன்றாவது முறை முறிப்பது கையாக இருக்காது என்று அவன் சொல்லியிருந்தான். அவன் ஆள் விட்டுத் தேடாத ஊர் இல்லை. பனிதான் அவளை மறைத்து வைத்திருந்தது.

கோட்டைச்சாமி எண்ணெய்க் கிடங்கில் உத்தியோகம் பார்த்தான். உருண்டைகளைப் பிரித்து மண்ணைப் படிக்கிற புதிய வேலைக்கு அவனைத்தான் உயர்த்தியிருந்தார்கள்.

அன்று தேதி பதினேழு. இருபதாம் நாள் எண்ணெய் ஊற்றப் போனால் உருண்டை அவன் கைக்குப் போகும்.

சிலம்பாயி உருண்டையைத் தூளாக்கி அடுப்பில் போட்டாள். வண்டை மட்டும் அதன் இடத்தில் விட்டாள். பதினெட்டாம் நாள் விடிந்ததும் எரியாத விளக்கை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு காளவாய்க்குடிக்கு நடந்தாள். பாதையோர எல்லைக் கற்களைக் கையால் தடவி எண்ணிக்கொண்டே போனாள். இரண்டு இடத்தில் எண்ணிக்கை தவறி, பழைய கல்லுக்குத் திரும்பி வந்து மறுபடி எண்ணினாள். வெயில் ஏறவேண்டிய நேரத்தில் சூளையின் புகை மணம் வந்தது.

"ஏட்டி, விளக்கு எங்கே? வழியிலே போட்டுட்டியா?" என்றாள் அரியநாச்சி. தலையிலிருந்து பாதம்வரை சுண்ணாம்பு பூத்திருந்தது. "என்னைப் பார்த்தா பேய் மாதிரி இருக்கேனா? இங்க எல்லாரும் இப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பயப்படுறதில்லை, அது ஒரு வசதி."

சிலம்பாயி விஷயத்தைச் சொன்னாள். அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எத்தனை கோடு இருந்தது?"

"நாலு. இந்த எண்ணெய் ஊத்தினப்புறம் நான் வந்த நாலு தடவையும். என்னாலதான் அக்கா."

"உன்னாலயா? நீ என்னைப் பார்க்க வந்தே. அவ்வளவுதானே செய்தே?" அரியநாச்சி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மட்டும் பழைய அக்கா தெரிந்தாள். "சரி, இன்னைக்கே கிளம்பிடுறேன். எங்கே போறேன்னு..."

"சொல்லாதே."

"ஏட்டி..."

"சொல்லாதே அக்கா. எனக்குத் தெரிஞ்சா அத்தான் முன்னால நிக்கும்போது என் முகத்துல தெரியும். நான் பொய் சொன்னா எனக்கே உடனே சந்தேகம் வந்துரும். உனக்குத் தெரியாதா?"

அரியநாச்சி அவளைக் கட்டிக்கொண்டாள். முறிந்து கூடிய கை சரியாக மடங்கவில்லை. விளக்கில்லாமல் கற்களைத் தடவித் தடவி, அந்த நாளும் அடுத்த நாளும் நடந்து சிலம்பாயி வீடு வந்து சேர்ந்தாள்.

இருபதாம் நாள் கிடங்கில் நீண்ட வரிசை. கோட்டைச்சாமி மரமேசைக்குப் பின்னால், சின்ன இடுக்கியும் உருப்பெருக்கும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தான்.

"வா கொழுந்தியா. சௌக்கியமா?" அவளுடைய உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். கடுகளவுதான் இருந்தது. "ஒரு மாசத்துக்கு இது ரொம்பக் கம்மியாச்சே."

"சுத்தம் பண்ணும்போது போயிருச்சு அத்தான். விரும்பாதவங்க அகற்றிக்கலாம்னு ஆணை இருக்கே."

"இருக்கு. அகற்றுவது உங்கள் உரிமை" என்றான் கோட்டைச்சாமி, திடீரென்று அலுவலகக் குரலில். "ஏன் அகற்றினீர்கள் என்று கேட்பது எங்கள் கடமை." இடுக்கியால் உருண்டையைப் பிளந்தான். "ரெண்டு நாளா ஒரே மண். உன் வீட்டு மண். எண்ணெயும் குறையலை. இந்தப் பனியில ரெண்டு நாள் விளக்கேத்தாம வீட்டுக்குள்ள என்ன பண்ணினே?"

"காய்ச்சல்."

அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்து குனிந்தான். அவள் குதிகால் வெடிப்புகளை வெகுநேரம் பார்த்தான். மூன்று முறை தேய்த்துக் கழுவிய கால்தான். வெடிப்பின் ஆழத்தில் வெள்ளை நின்றிருந்தது.

"காய்ச்சலுக்குக் காலில் சுண்ணாம்பு தடவுவாங்களா கொழுந்தியா?" என்று மென்மையாகக் கேட்டான். பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள்.

அன்று பிற்பகலிலேயே காவலர்கள் காளவாய்க்குடிக்குப் போனார்கள். அரியநாச்சி அங்கே இல்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாற்பது குடும்பங்களின் விளக்குகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். சூளையில் வேலை தொடர்ந்து நடந்தது. அரிசி வாங்க மட்டும் அவர்களால் கோட்டைக்குள் வர முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் தோன்றியது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. உருண்டை சிறுத்துப்போனதற்காகவும் அடுக்கு விட்டுப்போனதற்காகவும் விசாரிக்கப்பட்டவர்கள், தாங்கள் போன இடத்து மண்ணைத் தாங்களே எடுத்துத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். விசாரிக்கப்படாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று முடிந்தார்கள். சந்தையில் ஏழு அறை வைத்த மண்பை விற்பனைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு மூன்று மாத மண்ணையும் கேட்டார்கள். பை இல்லாமல் நடப்பவரைக் கண்டால் மக்கள் ஓரமாக ஒதுங்கினார்கள்.

சில மாதங்கள் கழிந்து, ஓர் இருபதாம் நாள் காலையில் அமைச்சர் பேரொளியார் மேடையேறினார். கண்கள் கலங்கியிருந்தன.

"மக்களின் அந்தரங்கம் புனிதமானது. மக்கள் குரலுக்குச் செவிசாய்த்து, இன்றுமுதல் தோழன் திரும்பப் பெறப்படுகிறான். இனி எந்த விளக்கிலும் வண்டு இருக்காது."

திடல் ஆரவாரத்தில் அதிர்ந்தது. வாணம் விட்டார்கள். சடையப்பன் பட்டறையில் அன்று எல்லோருக்கும் பனங்கற்கண்டு கொடுத்தார். "பார்த்தியா, நாம கேட்டோம், கொடுத்துட்டாங்க" என்றார். பிறகு தன் மண்பையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் நிற்கப் புறப்பட்டார். கிடங்கின் வரிசை முன்பைவிட நீளமாக இருந்தது. இப்போது மேசையில் இடுக்கி இல்லை. எல்லோரும் தங்கள் பையைத் தாங்களே பிரித்துக் காட்டினார்கள்.

சிலம்பாயியை ஏழு நாளுக்கு ஒருமுறை மண்பையோடு நேரில் வரச் சொல்லியிருந்தான் கோட்டைச்சாமி. அரியநாச்சி எந்தத் திசையில் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் அக்காவுக்கு அவளால் கொடுக்க முடிந்த ஒரே பாதுகாப்பு. ஒருநாள் ஒரு யோசனை வந்தது. உப்பு வியாபாரியின் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை உப்புமண்ணை எடுத்துத் தன் பையில் போட்டால், கோட்டைச்சாமி ஒரு மாதமாவது உப்பளத்தில் தேடிக்கொண்டிருப்பான். அந்த ஒரு மாதத்தில் அக்கா இன்னும் தூரம் போய்விடலாம்.

வியாபாரியிடம் போய் நின்றாள். மூட்டைக்குள் கையும் விட்டாள். அப்போது காளவாய்க்குடியின் நாற்பது வீடுகள் நினைவுக்கு வந்தன. உப்பளத்திலும் யாருடைய அக்காவாவது விளக்கில்லாமல் இருக்கலாம்.

"என்னம்மா, வாங்குறியா, சும்மா பிசைஞ்சு பார்க்கிறியா?" என்றார் வியாபாரி.

கையை எடுத்து, அவர் மூட்டையின் மேலேயே நன்றாகத் தட்டி உதறினாள். விரலிடுக்கில் ஒரு பரல்கூட ஒட்டவில்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றைய குறிப்பின் கடைசியில் இப்படி எழுதினாள்:

"நாளைய வேலை. காலை, பட்டறை வாசலில் செம்மண், ஒரு சிட்டிகை. மாலை, பள்ளி முற்றத்தில் கரிசல், ஒரு சிட்டிகை. இரண்டையும் தனித்தனியே முடிந்து தேதி எழுத வேண்டும். வேறெங்கும் போகக் கூடாது."