தம்புசாமியின் ராஜினாமா

தம்புசாமி நாளிதழை மேசைமேல் ஓங்கி அறைந்தார். கோயில் அன்னதானப் படத்துக்குக் கீழே, 'கட்சியின் செலண்டார் கிளை முன்னாள் தலைவர் தம்புசாமி' என்று அச்சாகியிருந்தது.

"மலர், பார்த்தியா? குத்துக்கல்லாட்டம் இருக்கிறவன முன்னாள்னு போட்டிருக்கான்!"

"அதான், நானும் உங்ககிட்ட சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தாள் மனைவி மலர்க்கொடி.

"நீ சும்மா இரு. உனக்கு அரசியல் தெரியாது."

நிருபர்களைப் பற்றித் தம்புசாமிக்கு உறுதியான கருத்து உண்டு. மீகூன் நூடுல்ஸுக்கு முதல் ஆளாய் வருவார்கள், அவர் பேச எழுந்ததும் காணாமல் போவார்கள். கட்சிக்காரர்களைப் பற்றிய கருத்து இன்னும் மோசம். மாநிலத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொள்ளத் தெரியும், வேறொன்றும் தெரியாது. துணைத் தலைவர் திருச்செல்வத்துக்கு அதுவும் தெரியாது.

பேனரில் தன் படத்தைச் சிறிதாகப் போட்டதற்காகப் போன மாதம் ஆண்டுக்கூட்டத்துக்கே அவர் போகவில்லை. அவர் இல்லாமல் கூட்டம் நடந்துவிடுமா என்ன? வேவு பார்க்க மலர்க்கொடியை மட்டும் அனுப்பினார். திரும்பி வந்தவள் வாயைத் திறந்தபோது, "அந்த மூஞ்சிங்களப் பத்தி வீட்டுல பேசாதே" என்று சொல்லிவிட்டார்.

நிருபர் நிவேந்திரனுக்கு போன் போட்டார்.

"ஏன்லா தம்பி இப்படி எழுதினே?"

"கிளையில கேட்டுத்தான் போட்டேன் சார்."

"யார்கிட்ட? திருச்செல்வமா?"

"அது வந்து சார்..."

அந்த இழுவையே போதும். அடுத்த போன் திருச்செல்வத்துக்குப் பறந்தது.

"என் நாற்காலியில உக்காந்துட்டியாலா?"

"ஐயோ அண்ணே, நான் இன்னும் துணைத் தலைவர்தான். வேணும்னா அண்ணிகிட்ட கேளுங்க."

"அவகிட்ட என்னலா கேக்குறது? சாயங்காலம் என் வீட்டுல பிரஸ் மீட். நான் ராஜினாமா பண்றேன்!"

ராஜினாமா என்றதும் கிளையே ஓடி வந்து காலில் விழும், தானும் பெரிய மனது பண்ணி எழுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. கண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்று பேஸ்புக்கிலும் போட்டார். 'நல்ல முடிவு அண்ணே, உடம்பப் பாத்துக்குங்க' என்று முதல் ஆளாக எழுதியவன் திருச்செல்வம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். தம்புசாமி போனைக் கவிழ்த்து வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் தூங்கும்போதுகூடத் தலைவராக இருந்த மனிதர்.

சாயங்காலம் செயற்குழு முழுவதும் வந்தது. நிவேந்திரன் மீகூன் தட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"மிகுந்த மனவேதனையோடு தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன்" என்று வாசித்துவிட்டு, அழுகைக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். ஒருவரும் அழவில்லை. திருச்செல்வம் கூரையில் சுழன்ற காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனால்," என்று அவசரமாகச் சேர்த்தார், "கிளை வற்புறுத்தினால் மறுபரிசீலனை செய்யத் தயார்."

அந்த நேரம் பார்த்து மலர்க்கொடி தே தாரிக் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். செயற்குழு மொத்தமும் எழுந்து நின்றது. கடைசியில் மரியாதை தெரிந்துவிட்டது என்று தம்புசாமி நெஞ்சை நிமிர்த்தினார்.

நிவேந்திரன் மீகூனைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியை மலர்க்கொடியின் முன்னால் நீட்டினான்.

"தலைவரே, இவரோட ராஜினாமாவ நீங்க ஏத்துக்கிறீங்களா?"