அண்ணன் அனுப்பிய எச்சில் குழாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். அண்ணியின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை, வந்து அம்மாவைப் பார்த்துக்கொள் என்று கேட்டிருந்தேன். பதிலுக்கு நீ ஒரு குழாய் அனுப்பினாய். அம்மாவின் மறதி உனக்கும் வருமா என்று பார்க்க, அவள் எச்சிலை அதில் பிடித்து அனுப்ப வேண்டுமாம். உன் எச்சிலையே கொடேன் என்றால், "எனக்கு பயமா இருக்கு, முதல்ல அம்மாவுக்குப் பாரு. நீதான் பயாலஜி டீச்சராச்சே" என்கிறாய். ஆமாம், டீச்சர்தான். எச்சிலோடு வரும் செல்களுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. முறுக்கிவிட்ட ஏணி, நான்கே எழுத்துகள், ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. அங்கே ஒவ்வொன்றுக்கும் எதிரே துணைக்கு ஒன்று நின்றே ஆக வேண்டும். நம் குடும்பம் போல் இல்லை.

குழாயைக் கண்டதும் அம்மா, "என் புள்ள அனுப்பினதுல துப்பறதா? உன்ன அப்படியா வளர்த்தேன்?" என்று என்னை வைதாள். நான் வகுப்புக்குப் போய்த் திரும்புவதற்குள், எச்சில் கெடாமலிருக்க அதில் ஊற்றியிருந்த திரவத்தைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலோரம் காயவைத்து, பழைய சட்டைப் பொத்தான்களைப் போட்டு மூடிவிட்டாள். நீ இரண்டாவது குழாய் அனுப்பினாய், கூடவே "இந்தத் தடவையாவது கவனமா இரு" என்று ஒரு செய்தியும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமலிருந்து துப்ப வேண்டும். சாப்பிட்டதையே மறப்பவள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "பட்டினி போட்டே கொல்லுடி" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்; துப்பவில்லை. அதற்குள் குழாயை வாங்கிப்போகக் கூரியர்காரர் வந்துவிட்டார். உன் வயது, உன் வழுக்கை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாப்பா! இப்படி இளைச்சுட்டியே!" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு, "இப்பதாம்மா வந்தேன்" என்றார். அவரே குழாயை நீட்டி, "இதுல கொஞ்சம் துப்பும்மா" என்றதும், "நீ கேட்டு மாட்டேன்னா சொல்வேன்?" என்று கோடு வரை துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்: "எவ்வளவு பதமா கேக்கறான் பாரு. நீயும் இருக்கியே!" அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. முதல் குழாயிலிருந்து ஒன்றை எடுத்துத் தைத்துக்கொடுத்தாள். அவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு செல்லிலும் முழுப் புத்தகமும் இருக்கிறது, ஆனால் கண்ணிலுள்ள செல் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் படிக்கும், மற்றவை மூடியே கிடக்கும் என்று வகுப்பில் சொல்வேன். உன்னிடம் எந்தப் பக்கம் மூடிக் கிடக்கிறது என்று அறியக் குழாய் எதற்கு? மூலப்பிரதியான டி.என்.ஏ. செல்லின் உட்கருவுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு துண்டைப் படியெடுத்துக்கொண்டு வெளியே ஓடி, புரதம் செய்யும் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுச் சிதைந்துபோவது ஆர்.என்.ஏ. மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். நான் தண்ணீர் குடிப்பேன்.

ஆக, நீ கேட்டது சுத்தமாக, முறைப்படி மூடி அனுப்பப்பட்டுவிட்டது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டேன். நீ வர வேண்டாம். முடிவு உனக்கு நல்லபடியாகவே வரட்டும். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தங்கை

பி.கு.: சுத்தமாக என்று எழுதியது பொய். எப்படித் துப்புவது என்று அம்மாவுக்குக் காட்ட, கூரியர்காரர்தான் முதலில் அந்தக் குழாயில் துப்பினார். பார்த்துக்கொண்டே இருந்து, மூடிக் கொடுத்தவள் நான். அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போடவில்லை. அதற்கு முதல் நாளே அம்மாவை உன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். உன்னைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்று கேட்டால், கூரியர் என்று சொல். பக்கத்தில் உட்காரச் சொல்வாள்.