லண்டனிலிருந்து வந்த அவசரம்

புகழ்ச்சிக்கு மயங்காத மனிதர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாரும் புத்தகம் எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, விற்காத கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டு அதன்மேல் படுத்ததில்லை. நான் படுத்திருக்கிறேன். (தூங்கினேன் என்று சொல்லவில்லை, கவனிக்கவும்.)

புத்தகத்தின் பெயர் ‘அவசரம் இல்லை’. என் கணவர் சங்கரனின் நிதானத்தைப் பற்றிய நகைச்சுவைக் கட்டுரைகள். செருப்பு வாங்கப் போய்க் குடையோடு திரும்பியது, ரயிலை விட்டுவிட்டு “அடுத்தது காலியா வரும்” என்று என்னைத் தேற்றியது, குளியலறைக்குள் போனால் வெளியே ஒரு மழைக்காலமே முடிந்துவிடுவது, இப்படி. இணையக் கடையில் தலைப்பை ஆங்கில எழுத்திலும் போட்டிருந்தேன். வாங்கியவர் ஒரே ஒருவர், என் நாத்தனார் ஜெயா. அவளும் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கத்தான் வாங்கினாள்.

எங்கள் வீடு திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத் தெருவில் இருக்கிறது. எனக்கு வேலை கழக்கூட்டத்தில், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். அப்போது அங்கே டீம் லீட் பதவி காலியாகியிருந்தது. அதை எனக்குக் கொடுக்கலாமா என்று எங்கள் மேலதிகாரி பிந்து மேடம் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பதவிக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்பது எங்கள் பிரிவின் காபி மெஷினுக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் லண்டனிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ரிச்சர்ட், ஏதோ ஒரு சர்வதேச வாசகர் வட்டத்தின் தலைவராம். ‘நோ ஆப்பர்ச்சுனிட்டி’, அதாவது ‘வாய்ப்பே இல்லை’ என்ற என் நாவலைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாராம். வேலையில்லாத இளைஞனின் வலியை இந்த அளவுக்கு யாரும் எழுதியதில்லையாம்.

என் புத்தகத்தில் வேலையில்லாத இளைஞன் கிடையாது. அது நாவலும் கிடையாது. அரைத் தூக்கத்தில் இருப்பவருக்குக்கூட இங்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்குக் கண்ணீர் வந்தது. எழுதியவருக்கே தெரியாததை நல்ல வாசகர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். உடனே புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு கட்டுரையில், மத்தியான வெயிலில் சவாரி கிடைக்காமல் தன் வண்டிக்குள்ளேயே தூங்கும் ஆட்டோக்காரர் வருகிறார். அடடா, வேலையின்மை! இவ்வளவு ஆழமாகவா எழுதியிருக்கிறோம் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

“ஏன்னா, லண்டன்ல என் புஸ்தகத்தைப் படிச்சுட்டு அழறா!” என்றேன்.

“நாமளும்தான் அழுதோம், அச்சாபீஸ் பில் வந்தப்போ,” என்றார் கணவர். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டிக்கொண்டு அந்த மின்னஞ்சலைப் படித்தார். படித்துக்கொண்டே இருந்தார்.

“அவசரம் இல்லைங்கறது எப்படி ‘வாய்ப்பே இல்லை’ன்னு ஆச்சு? எங்கேயோ இடிக்கறது. ரெண்டு நாள் டைம் குடு, யோசிச்சுச் சொல்றேன்.”

“மெஷின் மொழிபெயர்த்திருக்கும். யோசிக்கறதுக்கெல்லாம் நேரம் இல்லை. வாசகர் சந்திப்புக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம். இன்னிக்கே பதில் சொல்லணுமாம்.”

அன்றைக்கே சொன்னேன். சந்திப்பை இணையத்தில் நடத்த ஒரு ‘சிறு பங்களிப்பு’ கேட்டார்கள். வாஷிங் மெஷின் வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. லண்டன் வட்டம் பவுண்டில் கேட்கவில்லை, க்யூஆர் கோடு அனுப்பியது. என் வசதிக்காக வெள்ளைக்காரர்கள் இதைக்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் பணத்தோடு போயிருக்கும். ஆனால் நான் தெருவையே அழைத்தேன். ஜெயாவை அழைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, லண்டன் மதிக்கும் ஆள் யார் என்பதை நேரில் பார்க்கட்டும் என்று பிந்து மேடத்தை அழைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடம் நிறைந்துவிட்டது. மடிக்கணினியை டிவியோடு இணைத்திருந்தோம். பிந்து மேடம் கசவுப் புடவை கட்டிக்கொண்டு, ஓணத்துக்கு வருவதுபோல வந்தார். ஜெயா பால் பாயசம் கொண்டுவந்து எல்லாருக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். நான் பட்டுப்புடவையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கணவர் மூலை நாற்காலியில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

திரையில் ரிச்சர்டின் முகம் வரவில்லை, நெட்வொர்க் சரியில்லையாம். மற்ற வாசகர்கள் வெறும் பெயர்களாகவே இருந்தார்கள். அவர்களுடைய கேள்விகளையும் ரிச்சர்டே வாசித்தார். பேச்சு முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரு முறை ‘காலேஜ்’ என்பதைக் ‘கோளேஜ்’ என்றார். ஸ்காட்லாந்துப் பக்கத்து உச்சரிப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“உங்கள் சொந்த வாழ்க்கையிலும் வாய்ப்பு மறுக்கப்பட்டதுண்டா?” என்று கேட்டார்.

எனக்குள் எங்கிருந்தோ ஒரு ஆவேசம் புறப்பட்டது. “உண்டு,” என்றேன். “பல வருடங்களாக ஒரே நாற்காலி. திறமை இருந்தும் கண்டுகொள்ளாத மேலிடம். அந்த இளைஞனின் கண்ணீர் என் கண்ணீர்!”

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். பாயசக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி மேலிடம் எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தது. வாய்க்குப் போன கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது.

ரிச்சர்ட் இதையெல்லாம் கவனிக்கவில்லை. என் நாவலைத் திரைப்படமாக்க ஒரு நிறுவனம் துடிப்பதாகவும், இது பொன்னான வாய்ப்பு என்றும், இந்தச் சந்திப்பு முடிவதற்குள் அடுத்த பங்களிப்பைச் செலுத்தாவிட்டால் வேறு எழுத்தாளருக்குப் போய்விடும் என்றும் சொன்னார். நான் கைப்பேசியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், டிவி அதிரும்படி கேட்டது.

“கழக்கூட்டம்… கழக்கூட்டம்… கேறிக்கோ, கேறிக்கோ!”

கண்டக்டர் ஆள் ஏற்றுகிறார். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு புறப்படும் சத்தமும் தெளிவாகக் கேட்டது.

“அம்பிகே,” என்றார் பிந்து மேடம், “இது நம்முடெ கழக்கூட்டம் பஸ்ஸல்லே?” பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் பார்த்து, எங்கள் அலுவலகமே நடுங்கும் அந்தக் குரலில் கேட்டார். “மோனே, நீ பஸ் ஸ்டாண்டிலாணோ?”

“அல்ல சேச்சீ…” என்றார் லண்டன் ரிச்சர்ட், பழக்கதோஷத்தில் மலையாளத்திலேயே. அடுத்த நொடி திரை இருண்டது.

“கெடச்சுடுத்து!” என்று மூலையிலிருந்து என் கணவர் எழுந்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. “மலையாளத்துல அவசரம்னா என்ன? வாய்ப்பு! ‘அவசரம் இல்ல’ன்னா வாய்ப்பு இல்லை. பய தலைப்பை இங்கிலீஷ் எழுத்துல பாத்து மலையாளமா படிச்சிருக்கான். இந்தத் தப்பு லண்டன்காரனுக்கு வராது கேட்டியா, நம்மூர்க்காரனுக்குத்தான் வரும்!”

நான் பிறந்தது இந்த ஊரில். மலையாளப் பள்ளியில் படித்தவள். அலுவலகத்தில் நாள் முழுக்க மலையாளம்தான் பேசுகிறேன். இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புகழ்ச்சி காதில் விழும்போது எனக்கு எந்த மொழியும் தெரிவதில்லை.

“அப்போ அந்தப் பிள்ளை உள்ள ஒரு பக்கம்கூடப் படிக்கலையா?” என்று கேட்டாள் ஜெயா. பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. லண்டனே அழுத புத்தகத்தை எழுதியவளாக நான் கொஞ்ச நாள் வாழ்ந்துவிட்டேன். அந்த வாசகர் இல்லவே இல்லை என்றதும் உண்மையாகவே துக்கமாக இருந்தது. எழுந்துபோய் அடுக்களையில் நின்று அழுதேன். (பிறகு மிச்சமிருந்த பாயசத்தையும் குடித்தேன்.)

மறுநாள் காலையில் போலீசில் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்ட காவலர் புத்தகத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். “கஷ்டம். ஜோலி கிட்டாத்த பிள்ளேருடெ கதயாணோ?” வேலை கிடைக்காத பிள்ளைகளின் கதையா என்று கேட்கிறார். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

பணம் திரும்பவில்லை. எங்கள் பழைய வாஷிங் மெஷின் இன்றும் துணி பிழியும்போது குளியலறை முழுக்க நடைபயிற்சி செய்கிறது. டீம் லீட் பதவி வேறொருவருக்குப் போனது. அந்த வாரமே பிந்து மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், “அம்பிகே, இவிடெ அவசரம் உண்டு, கேட்டோ,” என்றார். புதிதாகப் பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை எல்லாம் சரிபார்த்து அனுப்பும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். சூடுபட்ட பூனைக்குத்தான் பாலின் சூடு தெரியும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. இன்று வரை ஒரு போலி மின்னஞ்சலும் என்னைத் தாண்டிப் போனதில்லை. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. மலையாள அவசரமும் தமிழ் அவசரமும் ஒரே கடிதத்தில் சேர்ந்து வந்தால் அது நிச்சயமாகத் திருட்டு. நல்ல வாய்ப்பு நாளைக்கும் இருக்கும். அது நம்மை விரட்டாது.

அலுவலகத்தில் இது எனக்கு மரியாதையைத் தந்திருக்கிறது. வீட்டில் கதை வேறு. இன்று காலைகூட, கழக்கூட்டம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன்.

“ஏன்னா, சீக்கிரம் வாங்கோ! அவசரம்!”

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. நிதானமாக ஒரு குரல் வந்தது.

“எந்த பாஷையில?”