அப்துல் அலீம் மாஸ்டரை நாங்கள் போகவிடாத வரலாறு

ஒரு நல்ல மனிதரை ஊரைவிட்டுப் போகவிடாமல் தக்கவைத்துக்கொள்ளும் சாஸ்திரம் இந்தப் பூமண்டலத்தில் வெகுகாலம் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. பெரிய பெரிய ராஜாக்களெல்லாம் இது தெரியாமல்தான் முதலில் தளபதியையும் பிறகு சிம்மாசனத்தையும் பறிகொடுத்தார்கள். 1938-ஆம் வருஷம் மதுரையில் அந்தச் சாஸ்திரம் பூரணமடைந்தது. பூரணப்படுத்தியவர்கள் நாங்கள். ‘நாங்கள்’ என்றால், தெப்பக்குளத்துக்குக் கிழக்கே ஒரு பழைய கட்டடத்தில் நடந்துவரும் ஸ்ரீ வித்யாவிலாச இரண்டாந்தரக் கலாசாலையின் நிர்வாகக் கமிட்டி. அதன் கௌரவக் காரியதரிசி சௌந்தரராஜன் என்பவன் அடியேன்தான். தொழில் சரிகை வியாபாரம். தொண்டு, கூட்டம் போடுவது.

‘இரண்டாந்தரம்’ என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். பி.ஏ. வகுப்பு இல்லாத கலாசாலைக்கெல்லாம் சர்க்கார் வைத்திருக்கும் பெயர் அது. எங்களிடம் இல்லாதது பி.ஏ. வகுப்பு மட்டுமல்ல. மணி கிடையாது, தண்டவாளத் துண்டைத் தட்டுவோம். பூகோள உருண்டை உண்டு, ஆனால் அதில் ஆப்பிரிக்காவைக் கரையான் தின்றுவிட்டது. இப்படிப்பட்ட எங்களிடம் அப்துல் அலீம் மாஸ்டர் இருந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

காஜிமார் தெருக்காரர். சென்னைக்குப் போய் உடற்பயிற்சிப் படிப்பு படித்துவிட்டு எங்களிடம் டிரில் மாஸ்டராக வந்தார். வரும்போது ‘பாஸ்கட்பால்’ என்ற நூதனமான விளையாட்டையும் கூடவே கொண்டுவந்தார். இரு முனையிலும் உயரமான கம்பத்தில் ஓர் இரும்பு வளையம். ஐந்து பேர் பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடி, எதிராளி ஐந்து பேரை ஏய்த்து, அந்த வளையத்துக்குள் போட வேண்டும். போட்ட பந்து உடனே கீழே விழுந்துவிடும்.

“அடியில்லாத கூடையில போட்டு என்னய்யா லாபம்?” என்று கேட்டார் எங்கள் கமிட்டித் தலைவர் ராவ்சாகிப் ராமமூர்த்தி அய்யர். சாய வியாபாரத்தில் கரைகண்டவர். லாபம் தெரியாத காரியத்தை நம்பமாட்டார்.

அலீம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஒரே வெற்றிடத்தை அவரும் பையன்களும் சேர்ந்து செதுக்கினார்கள். அவனியாபுரம் கண்மாய்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகப் புற்றுமண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்து, உருளை இழுத்து, ஒரு வருஷம் முழுக்க அதே வேலை. கடைசியில் தரை கல்யாண வீட்டுக் கண்ணாடி மாதிரி ஆயிற்று. பந்தை எந்த மூலையில் போட்டாலும் ஒரே உயரத்துக்கு எழும்பும். சுண்டைக்காய் அளவு பள்ளம் இருந்தாலும் பந்து கோணிக்கொண்டு போய்விடுமாம். அதனால் அந்த இடத்துக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். ராவ்சாகிப் மட்டும் செருப்போடு போவார். சட்டம் போடுகிறவர்களுக்குச் சட்டம் கிடையாது அல்லவா?

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். சென்னையில் நடந்த மாகாணப் போட்டியில் எங்கள் பையன்கள் கேடயத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எழுமலைப் பையன் நல்லகாமன், எங்கள் கேப்டன், எம்பினான் என்றால் இறங்குவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். கடைசி ஆட்டத்தில் தோற்றது திருச்சியைச் சேர்ந்த ஒரு பெரிய காலேஜ். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கு ஏற்கெனவே நிறையப் பெயர் இருக்கிறது. தோற்றவர்கள் தோற்ற கையோடு அழுதுவிட்டுப் போயிருக்க வேண்டாமா? போகவில்லை. அலீம் மாஸ்டரை ‘எங்களிடம் வந்துவிடுங்கள்’ என்று கூப்பிட்டுவிட்டார்கள். பகல் கொள்ளை!

உடனே அவசரக் கூட்டம் போட்டோம். மாஸ்டரையும் அழைத்தோம்.

“மாஸ்டர், திருச்சிக்காரன் கூப்பிட்டானாமே?” என்றார் ராவ்சாகிப்.

“ஆமா சார். வரலைன்னு சொல்லிட்டேன். அம்மா இங்கனதான் இருக்காங்க. இந்தப் பசங்கள விட்டுட்டு நா எங்க போக?”

“அது சரி. கமிட்டி உமக்கு ஏதாச்சும் செய்யணுமே. வாயத் தொறந்து கேளும்.”

“ஒண்ணும் வேணாம் சார். பசங்க ஆடுற எடத்த மட்டும் யாரும் தொடாம விட்டாப் போதும். மார்கழிக்குள்ள அடுத்த போட்டி வந்துரும்.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ராவ்சாகிப் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எம்புட்டு அடக்கம் பாத்தீங்களாய்யா! ஒண்ணும் வேணாங்கிறார் மனுஷர்!”

இங்கேதான் எங்கள் சாஸ்திரத்தின் முதல் சூத்திரம் வருகிறது. நம் பக்கத்தில் விருந்தாளி இலையைக் கையால் மறைத்துக்கொண்டு “போதும், போதும்” என்றால் என்ன அர்த்தம்? இன்னும் இரண்டு கரண்டி போடு என்று அர்த்தம். போதும் என்றவுடன் கரண்டியை எடுத்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும்? ஆகவே ‘ஒன்றும் வேண்டாம்’ என்ற மாஸ்டருக்கு மாபெரும் பாராட்டு விழா நடத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். இடம்? கலாசாலையில் ஆயிரம் பேர் உட்காரும்படி வெற்றிடம் ஒன்றுதானே இருந்தது!

மறுநாள் பந்தல்கார முத்திருளன் கடப்பாரையோடு வந்து மூங்கில் ஊன்றக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். நான் மேற்பார்வை. அலீம் மாஸ்டர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

“அண்ணே, நிறுத்துங்கண்ணே! என்ன பண்றீக?”

“பந்தலு மாஸ்டரே. ஒங்களுக்குத்தான்.”

“எனக்கா? நா கேக்கலையே!”

“கேட்டாப் போடுவாக? கேக்காமப் போட்டாத்தான மரியாத!” என்றான் முத்திருளன். விஷயம் தெரிந்த ஆள்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. “சார், இதுல குழி விழுந்தா பந்து எந்திரிக்காது சார். சாணியில விழுந்த மாதிரி அப்படியே கெடந்துரும். பசங்க ஒரு வருசம் இழுத்த தரை சார் இது.”

“விழா முடிஞ்சதும் மூடிருவோம் மாஸ்டர். நீங்க வேட்டிய மட்டும் வெளுத்துக் கட்டிட்டு வாங்க” என்று தைரியம் சொன்னேன்.

சொன்னபடி மூடினோம். வெறும் மண்ணைப் போட்டு மூடவில்லை. தாராளமாகச் செங்கல் ஜல்லியே போட்டு மூடினோம். விழாவோ, ஆகா! நாயனம் என்ன, சால்வை என்ன, மூக்குவரைக்கும் மாலை என்ன! “வளையத்துக்கு அடியில்லை, எங்கள் அன்புக்கு அளவில்லை” என்று ராவ்சாகிப் முழங்கியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாஸ்டர் எழுந்து ஏதோ குழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அடக்கம் காரணமாகத் தலைப்பை மாற்றுகிறார் என்று தெரிந்துகொண்டு நாங்கள் கைதட்டி உட்கார வைத்தோம்.

அதன் பிறகு தினமும் மாலையில் பையன்கள் பந்தை ஓரமாக வைத்துவிட்டு ஜல்லி பொறுக்கினார்கள். பொறுக்கி முடிக்கும்போது மாஸ்டர் பெருமூச்சு விட்டதாகக் கமிட்டிக்குத் தகவல் வந்தது. பெருமூச்சா! திருச்சி ஞாபகமாகத்தான் இருக்கும் என்று பயந்து உடனே இரண்டாவது பாராட்டு விழா நடத்தினோம். அதில் எடுத்த படத்தில் ராவ்சாகிப்பின் தலைப்பாகை மட்டும் விழுந்து முகம் விழாததால் மூன்றாவது விழாவும் நடத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றுக்கும் புதுக் குழி. பழைய குழியில் பந்தல் போடுவது மரியாதையா?

மூன்றாவது விழாவுக்குப் பிறகு நல்லகாமன் எம்பிவிட்டு இறங்கும்போது கால் ஒரு குழிக்குள் போய்விட்டது. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மாஸ்டர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனார். போகும்போது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குத் திருச்சி தெரிந்தது. அன்றைக்கே காஜிமார் தெருவுக்குப் புறப்பட்டேன்.

மாஸ்டர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஆடு ஒன்று எங்கள் ரோஜா மாலையை மென்றுகொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி லத்தீபாவின் குரல் வந்தது.

“காரியதரிசியய்யா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. நீங்க போட்ட மாலையத் தின்னு தின்னு எங்க ஆடு புல்லுல வாய வைக்க மாட்டேங்குது. இவுக சோத்துல கைய வைக்க மாட்டேங்குறாக. இன்னொரு விழான்னு வந்தீகன்னா, நானே திருச்சிக்கு மூட்டையக் கட்டிருவேன்!”

“சும்மா இரு லத்தீபா” என்றார் மாஸ்டர். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், திருச்சியில மறுபடியும் கூப்புடுறாக. பசங்க ஆடச் சிமெண்டுத் தரையே போட்டு வச்சிருக்காகளாம். எனக்கு அது கூட வேணாம் சார், நம்ம மண்ணே போதும். குழி மட்டும் தோண்டாதீங்க. அத ஒரு தீர்மானமாப் போட்டுருங்க, நா சாகுற மட்டும் இங்கதான் கெடப்பேன். எனக்குப் போக இஷ்டமே இல்ல சார்.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. ஓடிப்போய்க் கமிட்டியில் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்: சிமெண்ட், குழி தோண்டக்கூடாது, சாகும்வரை இங்கேயே இருப்பார்.

ராவ்சாகிப் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது அதில் ஞான ஒளி வீசியது.

“விழாவுக்கு விழா பந்தல் போடுறதாலதானய்யா குழி? நிரந்தரமா ஒரு மண்டபம் கட்டிட்டா?”

அடடா! சிமெண்டும் ஆயிற்று, குழிக்கும் வேலையில்லை. பெயரைக் கல்லில் வெட்டிவிட்டால் சாகும்வரை என்ன, செத்த பிறகும் இங்கேயே இருப்பார். ஒரே கல்லில் மாஸ்டரின் மூன்று கோரிக்கைகளும் தீர்ந்தன. ‘அப்துல் அலீம் பாராட்டு மண்டபம்’ அந்த வெற்றிடத்தின் நட்ட நடுவில் எழும்புவதென்று தீர்மானம் நிறைவேறியது. வளையக் கம்பம் இரண்டும் அஸ்திவாரத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் பிடுங்கி, சாரம் கட்டக் கொடுத்துவிட்டோம்.

அஸ்திவாரம் தோண்டிய அன்று மாஸ்டர் வந்து ஓரத்தில் நின்றார். ஆள் உயரத்துக்குப் பள்ளம். அதை வெகுநேரம் பார்த்தார்.

“இனி எங்க சார் ஆடுறது?”

ராவ்சாகிப் அன்போடு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “ஆடுறதப் பத்தி இப்ப என்னய்யா? மொதல்ல நீர் இங்க இருக்கணும். அதுதான் முக்கியம்.”

மாஸ்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் தோண்டாமல் மிச்சமிருந்த தரையில் நாலு அடி நடந்துபார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயந்திரமே திருச்சிக்கு ‘வருகிறேன்’ என்று தந்தி போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

மார்கழிப் போட்டிக்கு எங்கள் கலாசாலை போகவில்லை. பந்து தட்ட இடமில்லாதபோது ரயில் ஏறி என்ன பிரயோசனம்? ஆனால் மண்டபம் மட்டும் குறித்த நாளில் முடிந்தது. நெற்றியில் கல்வெட்டு: ‘எங்களை விட்டு என்றும் நீங்காத அலீம் மாஸ்டர்.’ மண்டபத் திறப்பு விழாவையும் மாஸ்டரின் பிரிவுபசார விழாவையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டோம். ஒரே மேளம், ஒரே சந்தனம். மதுரையில் அப்படியொரு விழாவை நான் பார்த்ததில்லை. ராவ்சாகிப் பேசும்போது அழுதார். நான் பேசாமலேயே அழுதேன்.

கடைசியில் மாஸ்டர் எழுந்தார். மாலைகளைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மெதுவான குரலில் ஏதோ சொன்னார். இரண்டு வார்த்தை வருவதற்குள் எங்களுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. கரகோஷம்! மண்டபமே அதிர்ந்தது. கட்டட வேலை அவ்வளவு உறுதி.

கூட்டம் கலைந்த பிறகு நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவதற்காக நல்லகாமனைக் கூப்பிட்டேன். அவன் மேடைக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றி நின்றிருந்தான்.

“மாஸ்டர் என்னப்பா சொன்னாரு? கைதட்டுல காதுல விழல.”

“மொத நாளு ஒங்ககிட்ட சொன்னதத்தான் சார் சொன்னாரு. ‘அந்த எடத்த மட்டும் தொடாம விட்டிருந்தா நா போயிருக்கவே மாட்டேன்’னாரு. அம்புட்டுத்தான்.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “நீங்கதான் சார் மொதக் கையத் தட்டுனீக.”

பையன் பாராட்டுகிறான் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ‘மாஸ்டர் வழக்கம்போல் தமக்கு எதுவும் வேண்டாமென்று அடக்கத்துடன் உரையாற்றினார்’ என்று எழுதிக்கொண்டேன்.

“சார், நானும் அவருகூடத் திருச்சிக்குப் போறேன். சர்டிபிகேட்டு வேணும்.”

எனக்குப் பகீரென்றது. மாஸ்டர் போனார், இப்போது கேப்டனுமா? “அவசரப்படாதே நல்லகாமா! கமிட்டி இருக்கு, நான் இருக்கேன். உனக்கு என்ன வேணும், சொல்லு!”

“ஒண்ணும் வேணாம் சார்” என்றான்.

அதே வார்த்தை! அதே அடக்கம்! குருவுக்கேற்ற சிஷ்யன்! இந்த ரத்தினத்தையாவது விட்டுவிடக்கூடாது என்று அந்த க்ஷணமே பந்தல்கார முத்திருளனுக்கு ஆள் அனுப்பினேன்.