எனக்கு எதிராக நானே உட்கார்ந்த வேலைநிறுத்தம்

பினாங்குத் துறைமுகத்தில் பெயர் சொன்னாலே தெரியும் பெருமைக்குரிய மைத்துனர் மருதையன் அவர்களின் சமூகத்திற்கு, ஆலந்திடல் வீரையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும். இங்கே நானும் தங்கள் தங்கை கண்ணாத்தாளும் இரண்டு மாடுகளும் சுகமே. அதில் மாடுகள் மட்டும்தான் என்னிடம் முகம் கொடுக்கின்றன. காரணம் கீழே வருகிறது.

இருபது வருஷம் கழித்து நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறங்குகிறவனுக்கு ஊர் தானாகப் பழகிவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஊருக்கு நான் பழக வேண்டுமே, அதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வந்த மறுநாளே வேதாரண்யம் பஸ்ஸுக்கு அங்கத்திய வழக்கப்படி வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை, முன்னால் எல்லோரும் ஏறிவிட்டார்கள், கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கம்பத்தோட ஒட்டி நிக்கிறீங்களே, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டு விசிலை ஊதிவிட்டார். வீட்டுக்கு வந்தால் கண்ணாத்தா டீ கொண்டுவந்து வைத்தாள். வாய் தவறி 'தேங்க்ஸ்' என்றுவிட்டேன். "வீட்டுல இருக்கறவளுக்குச் சொல்ற பேச்சா இது? அங்க யாரு உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தா?" என்று ஆரம்பித்தவள் விளக்கு வைக்கும்வரை நிறுத்தவில்லை. நாம் சீனர் கடையில்தான் குடித்தோம் என்பதற்கு நீங்கள்தான் சாட்சி.

இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஒன்று உண்டு. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணை பஞ்சநதம் விற்றாரே இரண்டு ஏக்கர், தங்கள் யோசனைப்படி கண்ணாத்தா பெயரில் வாங்கினோமே, அன்றிலிருந்து நான் மிராசு. என்னோடு அதே பண்ணையில் மாடு மேய்த்த துரைராசு, கூலியாட்கள் சங்கத்தில் சேர்ந்தபிறகு எந்த மிராசுக்கும் எழுந்திருக்காதவன், என்னைக் கண்டால் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று "வாங்கய்யா" என்கிறான். என் அப்பா அப்படி நின்று நின்றே முதுகு கூனினவர். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் கப்பலேறினேன். துரைராசு எழுந்து நிற்கும்போது எனக்கு அழுகை வருகிறது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இந்த லட்சணத்தில் அறுப்பு நாள் வந்தது. கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடக்கிறது, தை மாதத்தில் இல்லாத வழக்கமாகக் கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. அரிவாளோடு வந்த ஆட்கள் வயலில் இறங்காமல் வரப்பில் செங்கொடியை நட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூடுதலாகக் கூலி வேண்டுமாம். அவர்களுக்குத் தலைவி அம்சவல்லி. கையில் இருந்த அரிவாளைவிட வாய் கூர்மை. கொடியைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்றால், நம் துறைமுகத்தில் கொடி ஏறினால் ஏன் எதற்கு என்று கேட்போமா, மூட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்காருவோம் இல்லையா? நானும் உட்கார்ந்துவிட்டேன். "கூலியை உயர்த்து!" என்றாள் அம்சவல்லி. என் கை தானாக மேலே போயிற்று. இவர்கள் போட்ட கோஷம் நம் காதுக்குக் கொஞ்சம் சவசவ என்றிருந்ததால் எழுந்து நின்று நானே எடுத்துக் கொடுத்தேன்: "ஈவு இரக்கம் இல்லாத முதலாளியே, பதில் சொல்!" அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை கஞ்சிப் பானையோடு வந்து நின்றாள்.

"யாரைத் திட்டறீங்க?"

"முதலாளியை."

"யாரு அது?"

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டா என் பேருலதானே இருக்கு? ஈவு இரக்கம் இல்லாதவ நான்தானே? சரி, இனி ஒரு நெல்லுகூடக் கெடையாது" என்று பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பின்னாலேயே ஓடப் பார்த்தேன். "உக்காருங்க. பாதியில போனா கருங்காலி" என்றாள் அம்சவல்லி. இத்தனை வருஷத்தில் ஒருவன் என்னைக் கருங்காலி என்று சொன்னதுண்டா மச்சான்? உட்கார்ந்துவிட்டேன்.

சமரசம் பேச ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் இராஜாங்கம் வந்தார். "வற்றாத காவிரித்தாயின் மடியிலே வளர்ந்த வீரக்குடியே" என்று தொடங்கினார். வாய்க்காலில் தண்ணீர் கடைசியாக வந்தது எப்போது என்று யாரோ கேட்டார்கள். அதையும் கைதட்டலாக எடுத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பேசிவிட்டுப் போய்விட்டார்.

இன்று மூன்றாம் நாள். நெல் உதிர ஆரம்பித்துவிட்டது. மழை விழுந்தால் அத்தனையும் சேற்றோடு போகும். வேலைநிறுத்தக்காரனுக்கு வீட்டில் சோறு கிடையாது என்று உத்தரவு. அங்கே இருந்தவரை நான் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே மேஸ்திரியிடம் சொல்லி என் பழைய வேலைக்கும், அடுத்த கப்பலுக்கும் ஏற்பாடு செய்யும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாத்தாளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுவாளோ என்று பயம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும், எந்த ஊரிலும் நிலம் மட்டும் வாங்காமல் இருக்கட்டும்.

பசியுடன்,
தங்கள் அன்புள்ள
வீரையன்

பி.கு.: கவரை ஒட்டப் பசை கிடைக்காமல் இரண்டு நாள் கிடந்ததில் காரியம் மாறிவிட்டது. மேலே நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். கப்பல் வேண்டாம். நேற்று அம்சவல்லி நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, அரைப்படி கூட்டிக் குடுங்க" என்றாள். "தாராளமா. மூணு நாளா எல்லாரும் இந்த ஆளையே சுத்தி உக்காந்திருந்தீங்களே, நெலத்துக்காரி என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்றாள் உங்கள் தங்கை. அவ்வளவுதான். வயலில் இறங்கிவிட்டார்கள், நானும் இறங்கி அறுத்தேன், மேகமும் கோடியக்கரைப் பக்கம் கலைந்துவிட்டது. இன்று களத்தில் கூலி அளந்தபோது எல்லோரோடும் நானும் துண்டை விரித்தேன். எனக்கு மட்டும் உங்கள் தங்கை அரைப்படி குறைத்து அளந்தாள். கேட்டால், "திட்டினதுக்கு" என்கிறாள். அங்கேயே சங்கத்திடம் முறையிட்டேன். "போடா வீரையா, புருசன் பொண்டாட்டி வழக்கையெல்லாம் சங்கம் எடுக்காது" என்றான் துரைராசு, உட்கார்ந்த இடத்திலிருந்தே.