பூனை வளர்க்கச் சொன்ன சுற்றறிக்கை

புதுச் செருப்பு வாங்கியவன் காரணமே இல்லாமல் நாலு தெரு நடந்துவிட்டு வருவான். புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டவனும் அப்படித்தான். அதை எங்கேயாவது போட்டு நடந்து பார்க்காவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. நான் அப்படி நடந்து பார்த்ததில் பெங்களூரின் சின்ன நூலகங்களுக்கெல்லாம் பூனை வந்து சேர்ந்தது. (என் வேலை போகப் பார்த்தது தனி.)

தொண்ணூறுகளின் நடுவில் ஆம்பூரிலிருந்து வந்து, காக்ஸ் டவுனில் அக்கா வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தேன். ஓர் அறக்கட்டளை நகரத்தின் மூலை முடுக்குகளில் பொது நூலகங்கள் நடத்திவந்தது. கிளை என்றால் ஓர் அறை, சில அலமாரிகள், ஆடுகிற பெஞ்ச் ஒன்று, அதை ஆடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர், அவ்வளவுதான். தலைமை அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நிர்வாக அதிகாரி நாகராஜப்பா சார், "கன்னடா பருத்தா?" என்று கேட்டார். கன்னடம் வருமா என்கிறார்.

"சென்னாகி பருத்தே சார்" என்றேன். நன்றாக வரும் என்று அர்த்தம். (அன்றைக்கு நன்றாக வந்தது அந்த வாக்கியம் மட்டும்தான்.)

வேலை கிடைத்தது, ஆனால் தற்காலிகம். நிரந்தரமாக்கும் உத்தரவு சாருடைய கையெழுத்துக்காக அவர் மேஜைத் தட்டிலேயே தவம் கிடந்தது. ஆம்பூரிலோ அம்மா, "பையனுக்குப் பர்மனென்ட் ஆயிடுச்சு" என்று சர்ச்சில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தாள். கையெழுத்து விழாமல் ஊருக்குப் போனால் நான் பொய்யனாவது இருக்கட்டும், அம்மா பொய்க்காரியாகிவிடுவாள். அந்தப் பயம் எனக்குச் சோற்றோடு சேர்ந்தே இறங்கும்.

என் முக்கிய வேலை, 'பணியாளர் தகவல்' என்ற தாளைத் தயாரித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புவது. தமிழ், கன்னடம், உருது என்று கிளைக்கொரு பேச்சு என்பதால் இங்கிலீஷில் அடிப்போம். எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரே மொழி அதுதான். மழைக்காலத்தில் ஜன்னலோரப் புத்தகங்களை உள்ளே தள்ளி வையுங்கள், பேப்பரில் குறுக்கெழுத்தை நிரப்பிவிட்டுப் போகும் வாசகரிடம் கனிவாகப் பேசுங்கள், இந்த மாதிரி. சார் போகிற போக்கில் நாலு வார்த்தை சொல்வார். நான் அதற்குப் பூ வைத்துப் பொட்டு வைத்துப் பத்தியாக்கி, அவர் பார்க்காமலேயே அனுப்பிவிடுவேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் எதிர் வீட்டு அம்மா தன் கணவரைத் திட்டினார். "பாரிவாள சாக்கோது பிட்டு பேரே கெல்சா இல்வா?"

அக்காவின் கணவரான மாமா விளக்கினார்: "புறா வளர்க்கிறத விட்டா வேற வேலை இல்லையான்னு கேக்குறாங்கடா."

"சாக்குன்னா போதும்னுதானே மாமா?"

"அதுவும் சாக்குதான், இதுவும் சாக்குதான். வளர்க்கிறதுக்கும் அதே வார்த்தை."

சாப்பாட்டில் 'போதும்' என்று கை காட்டப் பயன்பட்ட வார்த்தைக்குள் இப்படியொரு அறை இருப்பது தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நாயோடு போகிறவரை நிறுத்தி, "நாயி சாக்தீரா சார்?" என்று விசாரிக்கிற அளவுக்குப் போனேன். (கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டால் அவர் எப்படிப் பார்ப்பார்? அப்படித்தான் பார்த்தார்.)

அந்த வாரம் கிளைகளில் எலித் தொல்லை. மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு புத்தகங்களின் முதுகையெல்லாம் கொறித்துவிட்டன. தகவல் தாளில் என்ன போடுவது என்று கேட்க ஓடினேன். சார் ஸ்கூட்டரில் ஏறி ஹெல்மெட்டையும் மாட்டியிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"இலிகெ ஔஷதி இடி. பெக்கு சாக்கு."

எலிக்கு மருந்து வையுங்கள். பெக்கு என்றால் பூனை. பூனை... ஆஹா, பூனை வளர்க்கணும்! எலி இருக்கிற இடத்தில் பூனை வளர்க்கச் சொல்வதை விட நியாயமான உத்தரவு உண்டா? என்னுடைய புது வார்த்தை, என்னைத் தேடி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிறது!

நான் எழுதியது இது: 'எலித் தொல்லையை முன்னிட்டு ஒவ்வொரு கிளையும் உடனடியாக ஒரு பூனை வளர்க்க வேண்டும். எலிக்கு வைக்கும் மருந்தைப் பூனை தின்னாமல் பார்த்துக்கொள்வது பொறுப்பாளரின் கடமை. பூனையின் நிறம், குணம் ஆகியவற்றை அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.' நிறமும் குணமும் சார் கேட்கவில்லை. அது நான் வைத்த பொட்டு.

மாதாந்திரக் கூட்டம் வந்தது. பொறுப்பாளர்கள் எல்லோரும் சாரின் அறையில் கூடினார்கள். வழக்கமாக வாசகர் வருகையில்தான் கூட்டம் தொடங்கும். அன்றைக்கு ஹெப்பகோடி முனிரத்தினம் முதலிலேயே எழுந்தார். எலக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், கையில் ஒரு கோணிச் சாக்கு.

"சார், நம்ம கிளையோடது சாம்பல் கலர். குணம் என்னான்னு எழுதத் தெரியல. நீங்களே பாத்துக்குங்கன்னு எடுத்தாந்துட்டேன்" என்று சாக்கை அவிழ்த்தார். பூனை வெளியே வந்து எங்களைச் சுற்றிப் பார்த்து அலுத்துக்கொண்டது.

நாகராஜப்பா சார் பூனையைப் பார்த்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார். "ஏன்ரீ இது?" என்ன இது என்கிறார்.

"சர்க்குலர்ல போட்டிருந்தீங்களே சார்!"

தாள் கைமாறிக் கைமாறி அவரிடம் போய்ச் சேர்ந்தது. படித்தார். 'நிறம், குணம்' என்ற இடத்தில் அவர் புருவம் ஏறியது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்ப, நான் சுவர் பக்கம் திரும்பினேன்.

"ஏன்ரீ தயாளன், பூனை வளர்க்கச் சொன்னேனா நான்?" சார் கோபம் வந்தால் தமிழில்தான் பேசுவார், எங்களுக்கு நன்றாக உறைக்க வேண்டுமல்லவா! "ஃப்ரேசர் டவுன் கிளையில பூனை மேல ஒரு மெம்பர் உக்காந்துட்டாருன்னு கம்ப்ளெய்ன்ட். அதுக்குத்தான், பூனை எல்லாம் சாக்கு, போதும்னு சொன்னேன்!"

"ஹெல்மெட் போட்டிருந்தீங்க சார்..."

"மருந்து 'இடி'ன்னு மரியாதையா சொன்னேனா? வளர்க்கச் சொல்லணும்னா 'சாக்கி'ன்னு சொல்லியிருப்பேன். 'சாக்கு'ன்னேன். சாக்கி வேற, சாக்கு வேற. நிம்ம கன்னடா சென்னாகிதே!" உங்கள் கன்னடம் நன்றாக இருக்கிறதாம்.

ஒரேயொரு இகரத்தில் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. சார் தட்டிலிருந்த என் உத்தரவை எடுத்து, இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அந்த 'டப்' என்ற சத்தம் ஆம்பூர் சர்ச் வரைக்கும் கேட்டிருக்கும். "திங்கக்கிழமைக்குள்ள ஒரு பூனை இருக்கக்கூடாது. எல்லாத்தையும் வெளியே அனுப்புங்க."

அப்போது ஃப்ரேசர் டவுன் ஸ்டெல்லா அக்கா எழுந்தார். மெம்பர் உட்கார்ந்தது, சர்க்குலருக்கு முன்பே அவர் அனுமதியில்லாமல் வளர்த்த பூனை மேல்தான்; சர்க்குலர் வந்ததும் அதற்கும் உத்தரவு கிடைத்திருந்தது. மதியம் முழுக்க ஒருத்தரும் எட்டிப் பார்க்காத கிளை அது. பூனையைப் பார்க்க வந்த பிள்ளைகள்தான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதிர்ந்து பேசி நாங்கள் கேட்டதே இல்லை அவரை.

"சார், வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இந்த ஆபீஸ்ல சாக்குங்கிற வார்த்தையத்தான் நான் கேக்குறேன். இன்னொரு ஃபேன் வேணும்னேன், ஒந்து சாக்கு, ஒண்ணு போதும்னீங்க. பெஞ்ச் ஆடுதுன்னேன், இரோது சாக்கு, இருக்கிறது போதும்னீங்க. சரின்னு போயிட்டேன். இந்த ஒரு சாக்குதான் சார் எங்களுக்கு ஏதோ ஒண்ணு குடுத்துச்சு. இதையும் வாபஸ் வாங்கிடாதீங்க."

சொல்லிவிட்டுத் தான் சொன்னதற்குத் தானே பயந்து உட்கார்ந்துவிட்டார்.  முனிரத்தினம் காலிச் சாக்கை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

சார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வாசகர் வருகை, கிழிந்த அட்டை என்று கூட்டத்தைப் பாதிக் குரலில் நடத்தி முடித்தார். எல்லாரும் கலைந்தபோது ஹெல்மெட்டை எடுக்கப் போனார். சாம்பல் பூனை அதற்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"எடுக்கட்டுமா சார்?" என்று முனிரத்தினம் பாய்ந்தார்.

"பேடா" என்றார் சார். வேண்டாம். "தூங்கட்டும்."

நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். பூனை எழுந்திருக்கிற வழியாக இல்லை. வேறு வேலையும் இல்லாததால் இழுப்பறையைத் திறந்து, என் உத்தரவை எடுத்து, ஒரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் நீட்டியபடி கேட்டார்: "சாக்கா?"

நான் உத்தரவைத் தொடாமலேயே கேட்டேன்: "எந்தச் சாக்கு சார்?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய்விட்டு அல்ல, மீசைக்குள். ஸ்டெல்லா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுத்த தகவல் தாளில் பூனையைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. போடவும் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. அப்படியே கிளைகளில் பூனைகள் பர்மனென்ட் ஆகிவிட்டன, என்னைப் போலவே. அதற்கப்புறம் சார் எது சொன்னாலும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் சொல்வார்.

இந்தக் கதை என் கல்யாணத்தில் மாமா வாயால் மண்டபம் முழுக்கப் பரவி, என் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவில் யாராவது மறந்துபோய் 'சாக்கு' என்றால், "எதை?" என்று நாலு குரல் கேட்கும். போன வருஷம் சின்ன மகள் டியூஷனிலிருந்து வரும்போது துப்பட்டாவுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். அது 'மியாவ்' என்றது. ஏற்கெனவே வீட்டில் இரண்டு. நான் அப்பா என்கிற அதிகாரத்தையெல்லாம் திரட்டி, விரலை நீட்டி, "பெக்கு சாக்கு!" என்றேன்.

"தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் பால் ஊற்றப் போய்விட்டாள்.