அளவாயி முயலும் அறுநூறு ஓம் ஹெட்போனும்

ஒரு காட்டில், நாற்பத்தொரு கறையான் புற்றுக்கும் ஒரே ஒரு பிளக் பாயிண்டுக்கும் நடுவில், அளவாயி என்றொரு முயல் வளை தோண்டி வாழ்ந்து வந்தது. கூச்ச சுபாவம். யாராவது எதிரே வந்தால் புல்லைப் பார்த்தபடி நின்றுவிடும். ஆனால் கணக்கில் கெட்டி. வளையிலிருந்து குளத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு தாவல். மழைக்காலத்தில் முந்நூற்றுப் பதினாறு. தன் காது இரண்டையும் மாதம் ஒருமுறை அருகம்புல்லால் அளந்து பார்க்கும். இரண்டும் சமம்தான். இருந்தாலும் அளக்கும்.

அந்தக் காட்டு ராஜாவான சிங்கத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்தில் பாட ஆள் தேடிப் போட்டி வைத்தார்கள். நான்கு பாட்டு வந்தது. பாரபட்சம் வந்துவிடக்கூடாது என்று பெயர்களை நீக்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண் மட்டும் போட்டார்கள். நடுவராக யாரை வைப்பது? காட்டிலேயே நீளமான காது யாருக்கு இருக்கிறதோ அவரைத்தான்.

திங்கட்கிழமை காலை அரண்மனைக் குரங்கு வந்தது. பாட்டுகள் ஏற்றிய ஒரு செல்போன், பிரிக்காத ஒரு ஹெட்போன் பெட்டி, படிவம் ஏழின் மூன்று பிரதி என எல்லாவற்றையும் வளை வாசலில் வைத்தது.

"வெள்ளிக்கிழமை சபையில தீர்ப்புச் சொல்லணும். தீர்ப்பு ராஜாவுக்குச் சரியாப் படலைன்னா, கல்யாண விருந்துல முயல் வறுவலும் சேர்த்துக்கலாம்னு உத்தரவு."

"எந்த முயல்?" என்று புல்லைப் பார்த்துக் கேட்டது அளவாயி.

"இந்தக் காட்டுல நீ ஒருத்திதானேம்மா முயல்? கையெழுத்துப் போடு. மூணு இடத்துல."

குரங்கு போனதும் அளவாயி பெட்டியைப் பிரித்தது. பெட்டியின் மேல் ஒரு மனிதன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிக்கும் படம் இருந்தது. எதையும் படத்தில் இருப்பது போலவே செய்வதுதான் அளவாயிக்குப் பழக்கம். அந்த மனிதனின் கண்ணோரத்திலிருந்து எவ்வளவு தள்ளி, தாடைக்கு எவ்வளவு மேலே என்று புல்லால் அளந்தது. அதே கணக்கில் தன் முகத்தின் இரு பக்கமும் பொருத்திக்கொண்டது. மேல்பட்டை தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. மெத்தை முகத்தோடு ஒட்டிக்கொண்டது. காதுகள் இரண்டும் மேலே விறைத்து நின்று வேடிக்கை பார்த்தன.

முதல் பாட்டைப் போட்டது. சத்தமே இல்லை. ஒலியளவைக் கடைசிவரை ஏற்றியது. கன்னத்தில் ஓர் எறும்பு பெருமூச்சு விட்டது போல இருந்தது. அவ்வளவுதான்.

முயல் வறுவல் கண்முன்னே வந்து போயிற்று. நூற்றெண்பத்தேழு தாவலில், நரி நல்லசிவத்தின் ஒலி சாதனக் கடையில் போய் நின்றது.

நரி ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அக்கா, இது அறுநூறு ஓம்! ஓம்னா கரண்டைத் தடுக்குற அளவு. சாதாரண ஹெட்போனெல்லாம் முப்பத்திரண்டு ஓம். அது தோட்டத்துப் படல் மாதிரி, தள்ளினா திறந்துக்கும். இது கவர்மெண்ட் ஆபீஸ் கதவு. செல்போன் போய்த் தட்டினா திறக்குமா? பின்னால பலமான ஆள் ஒருத்தன் நிக்கணும். அவன்தான் ஆம்ப்ளிஃபையர்."

"எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கணும்?"

அந்தக் கேள்விக்காகவே பிறவி எடுத்தது போல நரி மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தது. ஒன்று தீப்பெட்டி அளவு. இன்னொன்றின் உச்சியில் கண்ணாடிக் குழல் வால்வுகள் செம்பழமாக ஒளிர்ந்தன. மூன்றாவது டிரான்சிஸ்டர் வகை. நரியாலேயே தூக்க முடியாமல் காலால் தள்ளிக்கொண்டு வந்தது.

"நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றான்னு நினைப்பீங்க. குளத்துல போய் விசாரிச்சிட்டு வாங்க."

குளத்தில் நாற்பத்து மூன்று தவளைகள் பகல் முழுவதும் ஹெட்போன் விவாதம் நடத்திக்கொண்டிருந்தன. ஒன்றிடமும் ஹெட்போன் கிடையாது. வழுக்குகிற தலையில் அது நிற்பதில்லை. அதனால் அறிவு குறைந்துவிடுமா என்ன? அளவாயி வாயைத் திறக்கும் முன்பே பதில் தொடங்கிவிட்டது.

"வால்வு! வால்வு! வெதுவெதுப்பான சத்தம்!" என்றன இருபத்தொரு தவளைகள்.

"டிரான்சிஸ்டர்! டிரான்சிஸ்டர்! சுத்தமான சத்தம்!" என்றன இன்னும் இருபத்தொரு தவளைகள்.

மிச்சமிருந்த ஒன்று மட்டும், "வயர் என்ன வயர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆம்ப்ளிஃபையரோட சொந்த ஓம், ஹெட்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது!" என்று ஒரு தவளை கத்தியது. அளவாயிக்கு உயிர் வந்தது. கணக்கு என்றால் அதற்குத் தெம்புதான். அறுநூறில் எட்டில் ஒரு பங்கு எழுபத்தைந்து. வால்வுப் பெட்டியில் நூற்றிருபது என்று எழுதியிருந்தது, அது தள்ளுபடி. தீப்பெட்டிக்கு ஓம் குறைவுதான், ஆனால் ஒரு வோல்ட்கூடத் தேறாது, அதுவும் தள்ளுபடி. கனத்த டிரான்சிஸ்டர் பெட்டிக்கு அரை ஓம், பன்னிரண்டு வோல்ட். முடிந்தது கணக்கு.

கிளம்பும்போது, குளத்துக்கே மூத்த குண்டுத் தவளை கரையேறி வந்தது.

"இந்தாம்மா, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோ. நல்ல ஆம்ப் வந்துட்டா சத்தத்தைக் காதால தேடிக்கிட்டு இருக்காதே. நல்ல பாஸ், அதான் அந்த அடித்தொனி அதிர்வு, கேக்குற சமாச்சாரம் இல்ல. உணர்ற சமாச்சாரம்."

மற்ற நாற்பத்திரண்டும் முதல்முறையாக ஒரே குரலில், "ஆமாமா!" என்றன.

வியாழக்கிழமை உச்சிவேளையில் அந்தக் கனத்த ஆம்ப்ளிஃபையரை வாங்கி வளைக்கு உருட்டி வந்து, இருந்த ஒரே பிளக் பாயிண்டில் சொருகியது. ஹெட்போனைப் படத்தில் உள்ளபடி அளந்து மாட்டி, குமிழைத் திருகியது. அடேயப்பா! கன்னம் இரண்டும் துடித்தன. மீசை ஆடியது. காதில் ஒன்றும் விழவில்லை; ஆனால் தவளையார்தான் சொல்லிவிட்டாரே. அளவாயி மீசை ஆடுவதை எண்ணத் தொடங்கியது. ஒன்றாம் பாட்டுக்குப் பன்னிரண்டு முறை. இரண்டாம் பாட்டுக்கு வெறும் ஒன்பது. மூன்றாம் பாட்டுக்கு இருநூற்றுப் பதினான்கு! முன்பல் கூடக் கடகடத்தது. நான்காம் பாட்டுக்கு முப்பத்தொன்று. சந்தேகத்துக்கு இடமில்லாமல் மறுபடியும் எண்ணியது. அதே கணக்கு. படிவம் ஏழின் மூன்று பிரதியிலும் எழுதியது.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. அளவாயி தரையைப் பார்த்தபடி, "மூன்றாம் எண்" என்றது.

மான்கள் தலையைக் குனிந்துகொண்டன. சிங்கம் மெல்ல எழுந்தது.

"மூணாம் நம்பர் யாரு பாடினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது ராஜா. எண் மட்டும்தான் கொடுத்தாங்க."

"நான்தான்" என்றது சிங்கம். "என் கல்யாணத்துல நானே பாடணும்னு ஆசை. இதுவரைக்கும் என் பாட்டைக் கேட்டு எழுந்து ஓடாதவங்க ஒருத்தர்கூட இல்ல. நிஜத்தைச் சொல்லு. பயந்துதானே என்னைத் தேர்ந்தெடுத்தே?"

அளவாயி படிவத்தை நீட்டியது. சிங்கம் படித்தது.

"இருநூத்திப் பதினாலா?"

"ரெண்டு தடவை எண்ணினேன் ராஜா."

"பயத்துல சொல்றவ நூறு, ஆயிரம்னு சொல்லுவா. இருநூத்திப் பதினாலுன்னு எவ சொல்லுவா?" என்று சொல்லிச் சிங்கம் தேம்பித் தேம்பி அழுதது. சபையும் கூடவே அழுதது. எருமை மட்டும் நிஜமாக அழுதது. கல்யாணத்தில் அதற்கு முன்வரிசை.

அளவாயி பூமாலையோடு வளைக்குத் திரும்பி, ஹெட்போனை ஆசையாக மாட்டிக்கொண்டது. அப்போது இடது காதுக்குள் ஆறு மாதமாகக் குடியிருந்த உண்ணி எட்டிப் பார்த்தது.

"வீட்டுக்காரம்மா, அஞ்சு நாளா ஒரு சந்தேகம். அதை ஏன் கன்னத்துல மாட்டிக்கிட்டுத் திரியறீங்க? காது இங்க மேலல்ல இருக்கு."

அளவாயி பெட்டியிலிருந்த மனிதனைப் பார்த்தது. அவன் காது இருக்கும் இடத்தைப் பார்த்தது. தன் காதைத் தடவிப் பார்த்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"குடியிருக்கிறவ வீட்டு விஷயத்துல தலையிடலாமா?"

அளவாயி மேல்பட்டையைத் தலையிலிருந்து கழற்றி, கிண்ணம் இரண்டையும் காதில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாட்டைப் போட்டது. யாரோ ஒரு குயில். கோடையின் முதல் தூறல் வளைக்குள்ளேயே பெய்வது போல இருந்தது. அளவாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு மூன்றாம் பாட்டைப் போட்டது. பாறையைப் பாறைமேல் வைத்து இழுக்கும் சத்தம். நடுவில் ஏழு இருமல். ஓரிடத்தில் வரி மறந்துபோய் வெறும் உறுமல். உண்ணி காதைவிட்டு இறங்கிக் கழுத்துக்கே குடிபோய்விட்டது.

"முதல்லயே காதுல மாட்டியிருந்தா ரெண்டுன்னுதான் எழுதியிருப்பேன்" என்றது அளவாயி. "சின்ன ஆம்ப் வாங்கியிருந்தா மூணுக்கு மீசையே ஆடியிருக்காது."

அந்நேரம் குரங்கு வந்தது. "ராஜாவுக்குப் பரம சந்தோஷம். வருஷா வருஷம் கல்யாண நாளுக்குப் போட்டி உண்டாம். நிரந்தர நடுவர் நீதான். ராணியம்மாவும் பாடப்போறாங்களாம். கையெழுத்துப் போடு. மூணு இடத்துல."

அளவாயி மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டது. குரங்கு போனதும் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தது. ஒரு புல்லைப் பறித்து, கண்ணோரத்திலிருந்து பழைய கணக்குப்படியே அளந்து, கன்னத்தில் பத்திரமாக மாட்டிக்கொண்டது. பிறகு, இதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வந்திருக்கிறதா என்று விசாரிக்க, நல்லசிவத்தின் கடைக்குத் தாவத் தொடங்கியது.

நீதி: ஓம் கூடிய ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையரை மட்டும் குறையில்லாமல் பார்த்து வாங்குக, அதைக் காதில்தான் மாட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.